பெயர் கூப்பிடும் நேரம்

நான் படித்தது பெண்பிள்ளைகளை மட்டும் சேர்க்கிற பள்ளிக்கூடம். தூத்துக்குடியில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்தது. எங்கள் வீடு அதற்கு நேர் பின்னால். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்தில் ஒரு சந்து, அவ்வளவுதான். எங்கள் மாடியில் நின்று புளியங்கொட்டையை எறிந்தால் எட்டாம் வகுப்பு ஜன்னலுக்குள் போய் விழும். எறிந்து பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

ஆனாலும் நான் வண்டியில்தான் பள்ளிக்கூடம் போனேன். பள்ளிக்கூடத்து வாசல் அந்தப் பக்கத்துத் தெருவில் இருந்தது. சந்து வழியாகச் சுற்றி நடந்தால் ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் தன் மகளை யார் யாரெல்லாம் பார்த்துவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். பள்ளிக்கூடத்து வண்டிக்கு இரண்டு பக்கமும் பச்சைத் திரை போட்டிருக்கும். காலையில் முதல் ஆளாக என்னை ஏற்றிக்கொண்டு, மீன் சந்தை, உப்பு மண்டி, பெரிய கோயில் என்று ஊரெல்லாம் சுற்றி மற்ற பிள்ளைகளையும் அள்ளிக்கொண்டு, முக்கால் மணி நேரம் கழித்து என் வீட்டுக்குப் பின்னாலேயே கொண்டுவந்து இறக்கும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றி வந்த கதைதான். எனக்கு அது பிடித்திருந்தது. திரையில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாகத்தான் நான் இந்த ஊரைப் பார்த்தேன்.

தலைமையாசிரியையை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, தடித்த மூக்குக்கண்ணாடி, ஆணுக்கு இருப்பது போல அகலமான கைகள். பிள்ளையைச் சேர்க்க வருகிற தகப்பனார் ஒவ்வொருவருக்கும் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுப்பார். பள்ளிக்கூடம் கொடுக்கிற வாக்குகள் அதில் இருக்கும். ஏழா எட்டா என்று எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. பிரம்பு எடுக்க மாட்டோம். பிள்ளையைத் தனியாகத் தெருவில் விட மாட்டோம். மூன்று நாள் வராவிட்டால் வீட்டுக்கு வந்து கேட்போம். பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் எந்தப் பெண்ணையும் எங்கேயும் வண்டி ஏற்ற மாட்டோம். பெண் பெரியவளானால் அன்றைக்கே தாயிடம் கொண்டுபோய் ஒப்படைப்போம். நடுவில் நின்றுபோனாலும் வருஷம் முடியும்வரை பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்க மாட்டோம்; தினமும் கூப்பிடுவோம். இந்த மாதிரி. எல்லாவற்றையும் அவரே உரக்கப் படித்துக் காட்டுவார், படிக்கத் தெரிந்தவர் வந்தாலும் சரி, தெரியாதவர் வந்தாலும் சரி.

என்னைச் சேர்க்கப் போன அன்றைக்கு எனக்கு ஆறு வயது. எங்கள் வீட்டில் தகப்பனாரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா நிலாவரை இலை வியாபாரி. பேதி மருந்துக்காகச் சீமைக்குக் கப்பலேறுகிற இலை அது. அவர் தாளை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"காயிதம் கெடக்கட்டும் டீச்சர். நம்ம வழக்கத்துல கையடிச்சாத்தான் வாக்கு."

சொன்ன பிறகுதான் எதிரில் இருப்பது ஒரு பெண் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் கறுத்துப்போயிற்று. எங்கள் ஊரில் முத்து விற்கிறவர்கூடத் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம் பேசுவார். கை சேராமல் எதுவும் முடியாது. அதற்காக அடுத்த வீட்டுப் பொம்பளையிடம் கையை நீட்டச் சொல்ல முடியுமா? ஐயா துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. நாற்காலியைவிட்டு எழுந்து வந்து என் முன்னால் குனிந்தார்.

"படிக்கப் போறது நீதான? நீட்டுளா கையை."

நீட்டினேன். தன் கையால் என் கையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். "எட்டாங் கிளாஸ் முடிக்கிறவரைக்கும் நான் உன்னை விட மாட்டேன்" என்றார். உள்ளங்கை சிவந்துபோயிற்று. எனக்கு அழுகை வந்தது. ஐயாவுக்கு மட்டும் பரம திருப்தி. அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அந்த அடி கிடைத்தது. என்னால் வந்த வினை.

*

எனக்கு டீச்சராக வேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் கதவுக்குப் பின்னால் கரித்துண்டால் கணக்குப் போட்டு, கதவையே அதட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பற்றி யாருக்குத் தெரியாது? அந்தக் காலத்தில் எட்டாம் வகுப்புப் பொதுப் பரீட்சையில் தேறிவிட்டால் பாளையங்கோட்டைக்குப் போய் டீச்சர் டிரெயினிங் சேரலாம். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு பரீட்சைதான். எட்டாம் வகுப்புக்குப் பெரிய டீச்சரே பாடம் எடுத்தார். காலையில் அவர்தான் பெயர் கூப்பிடுவார். முழுப் பெயரையும் கூப்பிடுவார், அரையும் குறையுமாக விழுங்க மாட்டார். கூப்பிட்ட பிறகு தலையை நிமிர்த்தி அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் "உள்ளேன் டீச்சர்" என்போம். அதற்குப் பிறகுதான் அடுத்த பெயர். இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தோம். என் பெயர் பதினான்காவது.

கார்த்திகை மாசம், மழைநாள். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பதின்மூன்று வயது எனக்கு. நடு மத்தியானம், பூகோளப் பாடத்தின்போது, நான் பெரியவளானேன்.

எனக்குச் சந்தோஷம் இல்லை, வெட்கம்கூட இல்லை. பயம்தான். எங்கள் வீட்டு வழக்கத்தில் பெரியவளான பெண் வாசல் தாண்டக் கூடாது. பரீட்சைக்கு இன்னும் நான்கு மாசம் இருந்தது. மணி அடித்து எல்லாரும் வெளியே போன பிறகு பெரிய டீச்சரிடம் போய் நின்றேன். அவரிடம் போகாமல் மறைத்திருக்கலாம். கெட்டிக்காரி என்றால் அப்படித்தான் செய்திருப்பாள். நான் போய்ச் சொன்னேன்.

"டீச்சர், வீட்ல சொல்லிராதீக. நாலே மாசம். பரீட்சை முடிஞ்ச பொறவு நானே அம்மைகிட்ட சொல்லுதேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார்.

"உனக்குக் குடுத்ததும் வாக்குதான். உங்க அம்மைக்குக் குடுத்ததும் வாக்குதான். இன்னைக்கு இதை மறைச்சேன்னா, நாளைக்கு இந்த ஊர்ல ஒரு தாயும் பிள்ளைய என்னை நம்பி அனுப்ப மாட்டா. உனக்குப் பின்னால வர்ற அத்தனை பிள்ளைக்கும் கதவைச் சாத்துன மாதிரி ஆயிரும்."

"அப்ப எனக்குக் குடுத்தது?"

"அது அப்படியேதான் இருக்கு. நான் இன்னும் விடலையே."

எனக்கு அவர் சொன்னது புரியவில்லை, புரிந்துகொள்ளவும் மனமில்லை. அந்த வண்டியில் அன்றைக்கு நானும் அவரும் மட்டும். ஊரைச் சுற்றாமல் நேரே வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் அவரைப் பார்க்காமல் திரைக் கிழிசலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வண்டி ஏறியபோது போயிட்டு வாங்க என்றுகூட நான் சொல்லவில்லை. அத்தனை கோபம். சத்தியம் தவறாதவர்கள் மேல் வருகிற கோபத்துக்கு மருந்தே கிடையாது, அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறதே.

*

பின்கட்டில், சந்துப் பக்கத்து அறையில் என்னைப் பதினாறு நாள் தனியே உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய். உளுந்தங்களியும் நல்லெண்ணெயுமாகக் கொடுத்து என்னை ஒரு வழி பண்ணினார்கள். இரண்டாம் நாள் காலையில் மணிச்சத்தம் கேட்டது. அது அடங்கியதும் பெயர்கள் வர ஆரம்பித்தன. வாடைக்காற்று அடிக்கிற மாசம். கடல் பக்கத்திலிருந்து வருகிற காற்று ஒவ்வொரு பெயரையும் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தது. பதின்மூன்றாவது பிள்ளை "உள்ளேன் டீச்சர்" என்றாள்.

பிறகு என் பெயர்.

பிறகு ஒன்றுமில்லை. அவர் தலையை நிமிர்த்தி நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒருவர் மூச்சை இழுத்து விடுகிற நேரம். அப்புறம் பதினைந்தாவது பெயர்.

நான் களித் தட்டை அப்படியே வைத்துவிட்டு அழுதேன். வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து அம்மா இன்னும் கொஞ்சம் நல்லெண்ணெய் கொண்டுவந்தாள்.

சடங்கு நடந்தது. தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். ஊர்க்கண் எல்லாம் என் மேல் பட்டது. அதற்காகத்தானே இத்தனை வருஷம் திரை போட்டு மறைத்தார்கள்! அதன் பிறகு வீட்டுக்குள் நடமாடலாம், மாடிக்குப் போகலாம், அப்பளம் காய வைக்கலாம். பகலில் நான் இருந்த இடம் மாடிதான். தினமும் காலை பத்து மணிக்கு என் பெயர் சந்து தாண்டி வந்தது. தினமும் அந்த மூச்சு நேரம். ஒரு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே வெறும் ஏக்கம். தட்டில் சோறு இருக்கும்போதே பசிக்கிற மாதிரி ஒரு ஏக்கம். அங்கே என் இடம் காலியாக இருக்கிறது, இங்கே நான் சும்மா இருக்கிறேன், நடுவில் இருபது அடி.

தை பிறந்து ஒரு நாள், ஏன் அன்றைக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பெயர் வந்தது. நான் கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன்.

"உள்ளேன் டீச்சர்!"

எட்டாம் வகுப்பு அப்படியே சிரிப்பில் பொங்கிற்று. யாரோ பெஞ்சைத் தட்டினார்கள். பிறகு பெரிய டீச்சரின் குரல், எந்த மாற்றமும் இல்லாமல், பதினைந்தாவது பெயரைக் கூப்பிட்டது.

அம்மா கரண்டியோடு மேலே ஓடி வந்தாள். "ஏளா, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பொம்பளைப் பிள்ளை குரல் செவுரு தாண்டலாமா? சந்துல ஆம்பளைய போறாக, வாராக..." கரண்டி என் முதுகில் விழவில்லை. அம்மாவுக்கு அடிக்கத் தெரியாது, ஓங்க மட்டும்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் பெரிய டீச்சர் வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம்தான் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஒங்க மக இன்னைக்குப் பதில் சொல்லிட்டா. ஆஜர்னு நான் போட மாட்டேன், அவ கிளாஸ்ல இல்ல. ஆனா கேட்டது கேட்டதுதான். ஒங்களுக்குத் தெரியாம எதுவும் நடக்கக் கூடாது, அதான் சொல்ல வந்தேன். வேண்டாம்னு சொன்னீகன்னா, நாளையிலேருந்து அவ சொன்னாலும் நான் காது குடுக்க மாட்டேன்."

அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கூப்பிட்டா என்னன்னு கேக்கணும்லா. பேரைச் சொல்லிக் கூப்பிடும்போது வாயை மூடிக்கிட்டு இருந்தா அதுவும் மரியாதை இல்லையே."

இது ஒரு சம்மதம்தானா என்று கேட்டால், எங்கள் வீட்டில் சம்மதம் என்பது இப்படித்தான் இருக்கும்.

மறுநாளிலிருந்து பெரிய டீச்சர் பாடம் நடத்துகிறபோது ஜன்னலோரமாக வந்து நின்றார். குரலும் கொஞ்சம் உயர்ந்தது. கணக்கை இரண்டு தரம் சொன்னார். வகுப்புப் பிள்ளைகள் சலித்துக்கொண்டிருப்பார்கள். நான் அப்பளத்துக்குக் காக்கை விரட்டுகிற சாக்கில் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு எழுதினேன்.

ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் கருப்பட்டிக் காப்பியைக் குடித்த கையோடு ஒன்பது மணிக்கே சரக்குக் கிட்டங்கிக்குப் போய்விடுகிறவர் அவர். யுத்தத்தால் கப்பல் வருவது குறைந்து, இலை மூட்டைகள் கிட்டங்கியில் தங்கிக் கிடந்தன. அவசரமாகப் போக வேண்டிய வேலை இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் பதில் சொல்லத் தொடங்கிய பிறகு அவர் பத்து மணிவரை வாசலில் நின்றுகொண்டிருந்தார். துண்டை உதறுவார், குடையை விரித்துப் பார்ப்பார். மாடியிலிருந்து என் குரல் கேட்ட பிறகுதான் செருப்பை மாட்டுவார். பெருமையா, வருத்தமா, என்னவென்று அவர் முதுகைப் பார்த்து எப்படித் தெரியும்?

*

மாசி மாசம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஓட்டப்பிடாரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற குடும்பம். பேச்சு முடிந்தபோது கையடித்த சத்தம் எனக்கு உள்ளறைவரை கேட்டது. வைகாசியில் கல்யாணம். அவர்கள் கேட்ட ஒரே ஒரு நிபந்தனை, பெண் இனிமேல் வாசல் தாண்டக் கூடாது என்பது. ஐயா அதற்கும் சேர்த்துத்தான் கையடித்தார்.

பெரிய டீச்சர் அதற்குள் எனக்காக மேலிடத்துக்கு எழுதிப்போட்டு, வீட்டிலிருந்து படித்த பெண் என்று பரீட்சை எழுத அனுமதி வாங்கியிருந்தார். பரீட்சை நடக்கிற இடம் ஊரின் மறுகோடியில், துறைமுகத்துப் பக்கம் இன்னொரு பள்ளிக்கூடத்தில். ஐயாவைப் பார்க்க அவரே கிட்டங்கிக்குப் போனார். மூட்டை தூக்குகிறவர்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்ததாகப் பின்னால் கேள்விப்பட்டேன். ஐயா சொன்ன பதில், "பாப்போம் டீச்சர்."

ஐயாவுக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வராது. பிடிக்காத எல்லாவற்றுக்கும் 'பாப்போம்' என்பார். எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்றால் நடக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விடிய விடிய படித்தேன். மனசு இருக்கிறதே, அது நாய் வால்.

பரீட்சையன்று காலை எட்டரைக்கு வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. பச்சைத் திரை துவைத்துப் போட்டிருந்தது. மற்ற பிள்ளைகளை இன்னொரு டீச்சரோடு முன்னாலேயே அனுப்பிவிட்டு, பெரிய டீச்சர் எனக்காகத் தனியே வந்திருந்தார். நான் குளித்து, தலைபின்னி, பேனாவில் மை நிரப்பி வைத்திருந்தேன். பெரிய டீச்சர் வண்டியைவிட்டு இறங்கி வாசற்படிக்குக் கீழே நின்று அம்மாவைக் கேட்டார்.

"கூட்டிட்டுப் போகவா?"

ஒரே தரம்தான் கேட்டார். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐயா விடியற்காலையிலேயே எழுந்து தோணியில் இலை ஏற்றுகிற வேலை இருக்கிறது என்று போயிருந்தார். ஒன்பதுக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

"அவுக வந்துரட்டும் டீச்சர். நான் எப்படி..." என்றாள் அம்மா.

"சரி. ஒன்பதே கால்வரைக்கும் நிக்கலாம். அதுக்கு மேல போனா உள்ள விட மாட்டாக" என்று சொல்லிவிட்டுப் பெரிய டீச்சர் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

எனக்குக் கீழே நிற்க முடியவில்லை. மாடிக்கு ஓடினேன். மாடியிலிருந்து தெருமுனை தெரியும். வண்டிக்காரர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். வெயில் ஏறியது. ஒன்பது மணி அடித்தது.

தெருமுனையில் ஐயா வந்தார்.

தோளில் துண்டு, கையில் குடை. நான்கு எட்டு எடுத்துவைத்தவர் வண்டியைப் பார்த்தார். நின்றார். அங்கேயே அசையாமல் நின்றார். பச்சைத் திரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். மாடியைப் பார்க்கவில்லை. பிறகு குடையை விரித்து, முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்த வாக்கையும் மீறவில்லை, பெரிய டீச்சர் முகத்துக்கு நேரே இல்லையென்றும் சொல்லவில்லை. கெட்டிக்கார வியாபாரி.

நான் கூப்பிட்டிருக்கலாம். ஐயா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் அவர் திரும்பியிருப்பார். திரும்பியிருந்தால் வந்திருப்பார். தினமும் இதே இடத்தில் நின்று, இதே தொண்டையால், தெருவெல்லாம் கேட்கக் கத்தியவள் நான். அன்றைக்கு வாய் வரவில்லை. அவர் திரும்பிப் போனதை நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று ஒரு எண்ணம். அந்த அரை நிமிஷத்தில் எனக்கு என் பரீட்சையைவிட அவர் மானம் பெரிதாகப் போயிற்று. இதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டுமா என்றும் தெரியவில்லை.

ஒன்பதே காலுக்குப் பெரிய டீச்சர் வண்டியைவிட்டு இறங்கி வந்து, "நான் வாரேம்மா" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். வகுப்பில் பார்ப்பாரே, அதே பார்வை. வண்டி போயிற்று. மத்தியானம் ஐயா வந்து, "தோணியில ஆள் கொறைஞ்சு போச்சு, நேரமாயிட்டு" என்றார். அம்மா சோறு போட்டாள்.

பள்ளிக்கூடம் மூட இன்னும் பதினோரு நாள் இருந்தது. பதினோரு நாளும் பெரிய டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டார். நான் மாடிக்குப் போகவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். நீ மட்டும் ஒரு வாக்கை மீறியிருந்தால் என்ன, அம்மா வாய் திறக்கிறவரை காத்திராமல் என் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றியிருந்தால் என்ன என்று அந்தக் குரலோடு சண்டை போட்டேன். ஐயாவும் ஒன்பது மணிக்கே கிட்டங்கிக்குப் போகத் தொடங்கியிருந்தார்.

*

வைகாசியில் கல்யாணமாகி ஓட்டப்பிடாரம் போனேன். நல்ல குடும்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைக்குப் பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர் வரும். வந்ததை எல்லாம் படித்துவிட்டுத்தான் மடிப்பேன். என் மாமியார், "மருமவ மடிச்ச பொட்டலத்துல சீரகம் வாங்க மறுநாள்தான் வரணும்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கடல் இல்லாத ஊர். காலை பத்து மணி ஆனால் எனக்குக் கை ஓடாது. அடுப்பில் எது இருந்தாலும் அப்படியே நின்றுவிடுவேன். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அது போகவில்லை.

ஆறு வருஷம் கழித்து அம்மா இறந்துபோனாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூன்றாம் நாள் பெரிய டீச்சர் துக்கம் கேட்க வந்தார். வேலையைவிட்டு ஓய்ந்து புதுக்கோட்டையில் இருந்தார் அப்போது. தலை முழுக்க வெளுத்திருந்தது. ஐயா வாசலில் ஆண்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உள்ளே வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார் பெரிய டீச்சர். பழைய கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, அவர் தோளில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அம்மாவுக்காக அழுதேனா எனக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அழுது ஓய்ந்த பிறகு, யாரிடமும் சொல்லாததை அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"டீச்சர், அன்னைக்கு ஐயா வந்தாக. வண்டியைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாக. நான் மாடியில நின்னு பாத்தேன்."

"நானும் பாத்தேன்" என்றார்.

நான் நிமிர்ந்தேன்.

"திரையில ஒரு கிழிசல் உண்டுல்லா. எல்லாம் தெரிஞ்சுச்சு."

"நீங்க கூப்பிட்டிருக்கலாமே டீச்சர்! நான் சின்னப்பிள்ளை. நீங்க..."

"கூப்பிட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பாக. ஒங்க ஐயா வாயால ஒரு தரம் வேண்டாம்னு வந்துட்டா அது வாக்காயிரும்லா, பொறவு கேக்க முடியாது. சொல்லாம போறாகளே, இது நல்லதுதான், அடுத்த வருஷம் கேக்கலாம்னு நெனச்சேன். கல்யாணம் நடந்தா என்ன, ஒரு வருஷம் தாய் வீட்ல இருப்ப, பேசிப் பாப்போம்னு இருந்தேன். லீவுல நான் ஊர்ல இல்ல, நீ போனது தெரியாது. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்ததும் புதுப் பதிவேட்ல எட்டாங் கிளாஸ்ல ஒன் பேரை எழுதிக் கூப்பிட்டேன்."

அந்த ஜூன் மாசம் நான் ஓட்டப்பிடாரத்துக்கு வந்து ஒரு மாசம் ஆகியிருந்தது.

"எத்தனை நாள் கூப்பிட்டீக?"

"ஆறு நாள். கச்சான் காத்து வேற, குரலைத் திருப்பிக் கடலுக்குக் கொண்டு போயிரும். அதனால ஜன்னல்கிட்ட வந்து சத்தமாத்தான் கூப்பிட்டேன். ஏழாம் நாளு ஒங்க அம்மை மாடியில வந்து நின்னாக. அங்கன நின்னே, அத்தனை பிள்ளையளும் கேக்க, சத்தம் போட்டுச் சொன்னாக. 'டீச்சர், அவளைக் கெட்டிக் குடுத்து அனுப்பியாச்சு. இனிமே கூப்பிடாதீக. நீங்க கூப்பிடுத நேரமெல்லாம் நான்தான் அடுப்பை விட்டுட்டு மேல ஓடி வாரேன்'ன்னாக. பெத்தவ அப்படிச் சொன்ன பொறவு எப்படிக் கூப்பிட? அன்னைக்குத்தான் ஒன் பேரை எடுத்தேன்."

வாசலில் ஐயா யாரிடமோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவின் சேலை ஒன்று கொடியில் கிடந்தது. அந்த ஆறு நாளும் நான் ஓட்டப்பிடாரத்தில் புது மருமகளாகச் சீரகப் பொட்டலம் மடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்த ஆறு நாளும் நான் எட்டாம் வகுப்பில்தான் இருந்தேன் என்று அம்மா எனக்குச் சொல்லவே இல்லை.